செம்பருந்தின் இரண்டாம் பாகம்

“செம்பருந்துக்கு நீச்சல் தெரியுமா மாமா?”

ஆட்டம் விட்டு, டூரிங் கொட்டகை வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கேட்டவள் சண்முகத்தாய். ஏழு வயது. ஒரு கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள். மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் தாயி” என்றார் டிக்கெட் கிழிக்கும் அந்தோணிமுத்து.

“அப்ப ஏன் இன்னும் வெளிய வரல?”

திரையில், செம்பருந்து என்ற, முதுகில் சிறகு கட்டிய முகமூடி வீரன் வில்லனைக் கட்டிப்பிடித்தபடி அருவியில் குதித்திருந்தான். சிவப்பு முகமூடி மட்டும் மிதந்து வந்தது. அத்தோடு பிலிம் முடிந்தது. ஆபரேட்டர் செல்லப்பாண்டி ‘வணக்கம்’ ஸ்லைடைப் போட்டுவிட்டார்.

குழந்தையின் உதடு மறுபடியும் பிதுங்கியது. அந்தோணிமுத்து குனிந்து அவள் காதருகே சொன்னார்:

“ரெண்டாம் பாகத்துல வருவாக தாயி. நீ போயித் தூங்கு.”

சண்முகத்தாய் சிரித்தாள். அந்தோணிமுத்துவும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு குழந்தையிடம் சொன்னது ஊருக்கே சொன்னதுதான் என்பது மறுநாள் காலை தங்கபாண்டி டீக்கடையில் தெரிந்தது.

“அண்ணே, ரெண்டாம் பாகம் வருதாமே! எங்ககிட்ட மூச்சு விடல பாத்தீகளா?” என்று வழிமறித்தான் திராட்சைத் தோட்டத்துக் கர்ணன். இரவோடிரவாக ‘செம்பருந்து ரசிகர் மன்றம்’ ஆரம்பித்துத் தலைவராகவும் ஆகியிருந்தான்.

“அது வந்து…”

“எப்ப வருது? பொங்கலுக்கா, சித்திரைக்கா?”

கொட்டகையில் வேலை பார்ப்பவருக்குச் சினிமா உலகமே தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. இல்லை என்று சொன்னால் அது குழந்தையின் காதுக்குப் போய்விடும். பேச்சை முடித்தால் போதும் என்று நினைத்தார்.

“இப்போதைக்கு இல்லப்பா. படம் எடுத்த முதலாளி ரெண்டு பேருக்குள்ள தகராறு. உரிமை யாருக்குன்னு முடிவாகல.”

பேச்சு முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பித்தது.

அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு முதலாளிகளுக்கும் ஊர் வந்துவிட்டது. ஆளுக்கொரு ஸ்டுடியோவும் வந்துவிட்டது. இரண்டு டீ முடிவதற்குள் சொத்துப் பிரிந்தது. முகமூடி மெட்ராஸ் ஸ்டுடியோவுக்கு. சிறகு கோயம்புத்தூர் ஸ்டுடியோவுக்கு.

“முகமூடி யாருகிட்ட இருக்கோ அவுகதான் படம் எடுக்க முடியும்” என்றார் தையல்காரர் பங்கிராஸ்.

“சிறகில்லாத முகமூடிய வச்சு என்ன செய்ய? களவாணிப்பயன்னு போலீஸ் புடிச்சுட்டுப் போயிரும்” என்றான் கர்ணன்.

“ஏலே கர்ணா, முகமூடி இல்லாம சிறகு மட்டும் இருந்தா அதுக்குப் பேரு கோழிடா.”

கடையில் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. கர்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைக்குள் ஊரில் முகமூடிக் கட்சி, சிறகுக் கட்சி என்று இரண்டு ஆகிவிட்டது. கர்ணன் வீட்டில் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணிகள் தைக்காமலே திரும்பி வந்தன.

இப்படியே இரண்டு வாரம் போக, அந்தோணிமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. கர்ணன், பங்கிராஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார்.

“எதுக்குய்யா உங்களுக்குள்ள சண்ட? அதான் கோர்ட்டுல கேஸ் நடக்குதுல்ல, முடியட்டும்.”

“கோர்ட்டுலயா!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சமாதானம் உடனே ஏற்பட்டது. செம்பருந்தைக் கோர்ட்டில் நிற்க வைத்துவிட்டு நாம் சண்டை போடலாமா என்று கர்ணன் கேட்க, பங்கிராஸ் கண் கலங்கினார். இருவரும் சேர்ந்து மனு எழுதினார்கள். ‘முகமூடியும் சிறகும் ஒரே உடம்பில் சேர, பெரிய மனது வைத்து ஆவன செய்யும்படி’ கேட்டு, கையெழுத்தும் கைநாட்டுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதலாளிகளின் மனம் இளக, இரண்டு கூடை பன்னீர் திராட்சை. இவற்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ்ஸில் மெட்ராஸ் போக வேண்டியவர், விவரம் தெரிந்த அந்தோணிமுத்து.

“எனக்கு மெட்ராஸ்ல கெழக்கு மேற்குத் தெரியாதேப்பா!”

“ரெண்டு முதலாளியவும் தெரியும்ல? அது போதும்ணே.”

கூட்டம் போன பிறகு சண்முகத்தாய் வந்தாள். மடித்த பழைய துண்டு ஒன்றை நீட்டினாள்.

“மெட்ராஸ் போறீகளாமே. இத அவுககிட்டக் குடுத்துருங்க மாமா.”

“துண்டு எதுக்கு தாயி?”

“இம்புட்டு நாளாத் தண்ணிக்குள்ள கெடக்காகள்ல? தல தொவட்டணும்.”

அந்தோணிமுத்து அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. பானையிலிருந்து இரண்டு செம்புத் தண்ணீர் மொண்டு குடித்தார். மேடு பள்ளமான மண் தரையில் எப்போதும் ஆடும் பானை. மனைவி ஆரோக்கியம்மாள் கொஞ்ச நாளுக்கு முன் எதையோ அடியில் கொடுத்து நிமிர்த்தியிருந்தாள். பானை அசையாமல் நின்றது. அவர்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“ஆறுதலுக்குன்னாலும் இல்லாததச் சொல்லிட்ட. அந்தப் புள்ளைக்கு நீ ஒரு உண்மை கடன்பட்டிருக்கப்பா. எப்படியாவது அதத் தீத்துரு. ஆண்டவர் வழி காட்டுவார்.”

“சரிங்க சாமி.”

அந்தோணிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“ஆமா… சிறகு கோயம்புத்தூர்க்காரருக்குத்தானே?”

சனிக்கிழமை காலை, படக் கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டினி கிடந்தவர்போல முகம். அவர் கொட்டகைக்குள் கால் வைப்பதற்குள் ஊரே சூழ்ந்துகொண்டது. ஒருவர் மாலை போட்டார். கர்ணன் திராட்சைக் கூடையைக் காலடியில் வைத்தான். பங்கிராஸ் மனுவைப் பிரித்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தின் முன்வரிசையில் சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

இதுதான் நேரம் என்று அந்தோணிமுத்துவுக்குத் தோன்றியது. தோளில் கிடந்த, அவள் கொடுத்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மனத்துக்குள் மாதாவைக் கும்பிட்டார்.

“எல்லாரும் என்னைய மன்னிக்கணும். ரெண்டாம் பாகம்னு நான் சொன்னது…”

“ரெண்டாம் பாகமா?” என்று குறுக்கிட்டார் கம்பெனிக்காரர். “ரெண்டாம் பாகம் எதுக்குய்யா? அந்த ஆளுதான் சாகவே இல்லையே!”

பங்கிராஸ் படித்துக்கொண்டிருந்த மனுவைக் கீழே இறக்கினார்.

“பதினஞ்சாவது ரீல்ல அருவிக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்றாரே, நீங்க பாக்கலையா?”

எல்லாரும் ஆபரேட்டரைப் பார்த்தார்கள்.

“எனக்கு வந்தது பதினாலுதான்” என்றார் செல்லப்பாண்டி. “ஆளு முங்குனாரு, பிலிம் முடிஞ்சிருச்சு. சோகமா முடிஞ்சா உயர்ந்த படமா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.”

கம்பெனிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பெட்டியில் இடம் போதாமல் பதினைந்தாவது டப்பாவை மட்டும் தனியாகப் பஸ்ஸில் போட்டு அனுப்பினாராம். கொட்டகை வாசலில் இறக்கி வைத்ததாகக் கண்டக்டர் சத்தியம் செய்கிறாராம். பெட்டி திரும்பி வந்தபோது இவர் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த ஊரில் சனங்கள் பெஞ்சுகளை உடைத்த பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது.

“வட்டமான தகர டப்பாங்க. மூடியச் சுத்திச் சிவப்பு டேப்பு ஒட்டியிருக்கும். அது இல்லாமப் போனா என் வேலையே போயிரும். மூணு புள்ளைக எனக்கு. கெடைச்சுதுன்னா இன்னைக்கே அந்த ரீலை உங்களுக்கு இனாமா ஓட்டிக் காட்டிட்டுப் போறேன்.”

கட்சி பேதமில்லாமல் ஊரே தேடியது. டிக்கெட் கவுண்டர், டீக்கடை, தோட்டத்துக் கிணற்றடி என்று ஒன்றையும் விடவில்லை. அந்தோணிமுத்து மட்டும் ஓர் ஓரமாக நின்று எதையோ யோசித்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வீட்டுக்குப் போனார்.

உச்சி வெயிலில் எல்லாரும் சாப்பிடக் கலைந்து, மூன்று மணிக்குத் திரும்பிக் கூடினார்கள். கேபினுக்குள் போன செல்லப்பாண்டி கூச்சலிட்டார். புரொஜெக்டர் விளக்குக்கான கார்பன் குச்சிப் பெட்டிக்குப் பின்னால் டப்பா இருந்தது. சிவப்பு டேப்பு கூடப் பிரியவில்லை.

“இங்கன நாலு தடவை பாத்தேனே!” என்று அவர் புலம்பினார். கம்பெனிக்காரருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்.

பொழுது சாய்ந்ததும் பதினைந்தாவது ரீல் ஓடியது. அருவி நுரைத்தது. நுரைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, பிறகு தலை. செம்பருந்து கரையேறித் தலையைச் சிலுப்பினான். பங்கிராஸும் கர்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“மாமா, துண்டு!” என்று கத்தினாள் சண்முகத்தாய்.

ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே வரும்போது அவள் அந்தோணிமுத்துவின் கையைப் பிடித்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டாகளே மாமா! ஆனா ரெண்டாம் பாகம் ரொம்பச் சின்னப் படம்.”

“ஆமா தாயி” என்றார் அவர்.

மறுநாள் ஞாயிறு. பொய் சொன்ன நாளிலிருந்து வாங்காமலிருந்த நற்கருணையை, மூன்று வாரம் கழித்து அந்தோணிமுத்து பூசையில் வாங்கினார். மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தபோது, ஆரோக்கியம்மாள் ஈரத் தரையைத் துடைத்தபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பானை மறுபடியும் ஆடுது, பாதித் தண்ணி தரையில! கொட்டகை வாசல்ல சும்மா கெடந்துச்சேன்னு ஒரு தகர டப்பாவ எடுத்தாந்து முட்டுக் குடுத்திருந்தேன், செவப்பு டேப்பு ஒட்டுனது. அத எந்த மகராசன் தூக்கிட்டுப் போனானோ?”