அம்புக்குறி சார் வீடு மாறிய கதை

ஊரையே நகர்த்துகிறவர்கள் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. எல்லோரும் எங்கே போக வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று விலாவாரியாகச் சொல்வார்கள். தாங்கள் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் அசைய மாட்டார்கள். இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பதினொரு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்தில் என் பக்கத்து அறையில் இருக்கிறார். அம்புக்குறி சார் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயர் வைத்தது நான்தான். அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

சாருடைய தொழில் ஆதி விவசாயிகள். எட்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களின் எலும்பு அவர் மேஜைக்கு வரும். காதோரத்துக் கெட்டி எலும்பையோ ஒரு கடைவாய்ப் பல்லையோ துளைத்து, சிட்டிகைப் பொடி எடுத்து, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவைப் படித்து, இன்னார் இன்னாருக்குத் தூரத்துச் சொந்தம், இன்ன மலையிலிருந்து இன்ன ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிடுவார். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டிக்காரர். அடுத்து வரைபடத்தை விரிப்பாரே, அங்கேதான் வேடிக்கை. கிழக்கே ஒரு பல், மேற்கே இரண்டு பல், நடுவில் சிவப்பு மையில் தடிமனாக ஓர் அம்புக்குறி. தீர்ந்தது! விதை மூட்டை, ஆட்டுக்குட்டி, கைக்குழந்தை, வழியெல்லாம் முணுமுணுக்கும் மாமியார் சகிதம் பத்தாயிரம் பேர் மூவாயிரம் கிலோமீட்டர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாருடைய டீ இன்னும் ஆறியிருக்காது.

இந்தத் துறையில் ஒரு பழைய சண்டை உண்டு. விவசாயிகளே நடந்துபோய் விவசாயத்தைப் பரப்பினார்களா, அல்லது மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, யோசனை மட்டும் வாய்வழியாகப் போனதா? சார் முதல் கட்சி. கருத்தரங்கில் யாராவது இரண்டாம் கட்சி பேசினால் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். "யோசனைக்குக் காலா இருக்கு? மனுஷன்தான் நடந்தான்! மூட்டையக் கட்டினான், கிளம்பினான், அவ்வளவுதான்!"

இப்படிப்பட்டவரிடம்தான் அவர் மனைவி ஒரு திங்கட்கிழமை காலை, வீடு மாறலாமா என்று கேட்டார்.

அந்த அம்மா பல் டாக்டர். பதினாறு வருடம் அடுத்தவர் மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத அறையில் பல் பிடுங்கியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வீடு அமைந்தது. கீழே சொந்தமாக கிளினிக் வைக்க இரண்டு அறை, மாடியில் குடியிருப்பு, வாசலிலேயே பஸ் நிறுத்தம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் போய்விடும். நோயாளி எங்கே உட்கார வேண்டும், விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து, அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் திரிந்ததைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை.

சார் என்ன சொன்னார்? திங்கள், "யோசிப்போம்." செவ்வாய், "அவசரப்படக் கூடாது." புதன், "ஒரே ஒரு வீட்டப் பார்த்துட்டு முடிவு பண்றதா? சாம்பிள் ரொம்பக் கம்மி." வியாழக்கிழமை மாலை ஒரு கோப்பு வாங்க நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று அந்த அம்மாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"சாம்பிள் கம்மியா? மூணு பல்ல வெச்சுக்கிட்டு ஒரு நாட்டையே காலி பண்ண வெச்சீங்களே, அப்பத் தெரியலையா? நான் தினம் அறுநூறு பல்லு பாக்கறேன். ஒரு தெருவக்கூட நகத்தினதில்ல."

"அது வேற விஷயம். அது சரித்திரத்துக்கு முன்னாடி."

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, அவங்க மூவாயிரம் கிலோமீட்டர் போனாங்க. இது வெறும் நாலு கிலோமீட்டர்."

"அதுக்கு அவங்க மூவாயிரம் வருஷம் எடுத்துக்கிட்டாங்கம்மா. வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். அந்தக் கணக்குல நமக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"இந்த வீட்ல யோசனைக்குத்தான் கால் இருக்கு. மனுஷனுக்கு இல்ல" என்றார் அந்த அம்மா. சொன்ன கையோடு அந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை லாரி வந்தது. கட்டில், பீரோ, பாத்திரம், பூந்தொட்டி, பூனை என்று ஒவ்வொன்றாக ஏறியது. சார் தன் சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தார். "இந்த நாற்காலியும் ஏத்தணுமாம்மா?" என்று கேட்டார் சுமை தூக்குகிறவர்.

"அது இருக்கட்டும். அதுல ஆள் இருக்கு."

அடுத்த நான்கு நாள் சார் வாழ்ந்த வாழ்க்கை விவசாயத்துக்கு முந்தையது. கருத்தரங்கு பிஸ்கட்டைச் சேகரித்தார். நூலகரின் மேஜை டிராயரில் வேர்க்கடலை கண்டுபிடித்தார். என் சாப்பாட்டு டப்பாவை இரண்டு முறை வேட்டையாடினார். ஐந்தாம் நாள் மதியம் என் அறைக்கு வந்து, வீட்டில் இருக்கும் சாய்வு நாற்காலியை ஒரு பக்கம் கொஞ்சம் பிடிக்க வர முடியுமா என்று கேட்டார்.

கிளினிக் திறந்து இரண்டாவது நாள். வாசலில் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியோடு உள்ளே நுழைந்த சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எந்த இடப்பெயர்ச்சியும் ஒரே தடவையில நடக்காது. நீங்க முதல் அலை. நான் ரெண்டாவது."

அந்த அம்மா முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. "அலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பசி. போய்க் கை கழுவுங்க, சாப்பாடு மேல இருக்கு."

சார் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டார். ஆதி மனிதர்கள் எப்படிப் போனார்கள், எந்தப் பக்கமாகப் போனார்கள் என்று முப்பது வருடமாக எழுதியவர், எதற்காகப் போனார்கள் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. போன மாதம் வெளியான கட்டுரையில் அம்புக்குறியின் வால் பக்கம், பொடி எழுத்தில், 'பசி?' என்று போட்டிருக்கிறார். அடிக்குறிப்பில் ஆதாரமும் உண்டு: 'நேர்ப்பேச்சு, பல் மருத்துவர் ஒருவர்.'

நல்லவேளை, நாம் இந்த ரகமில்லை என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்த நேரத்தில் கையில் துடைப்பத்தோடு ஒருவர் வந்து, "கொஞ்சம் எந்திரிங்க, பெருக்கணும்" என்றாரே, நீங்கள் என்ன செய்தீர்கள்?

காலை மட்டும் தூக்கினீர்கள்.