கணக்கில் வராத காற்று

கணக்குத் தெரிந்த மனிதரிடம் கலியாண வேலை எதையும் ஒப்படைக்காதீர்கள். கணக்குத் தெரியாதவன் பயத்தில் நாலு பேரிடம் கேட்பான். தெரிந்தவன் ஒருவரிடமும் கேட்க மாட்டான்.

நான் மன்னார்க் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் உள்ளகக் கணக்காய்வுப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களின் கூட்டலில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன். பழக்கம் விட்டுப் போகவில்லை. ஞாயிறு பூசைப் பிரசங்கத்தில் சுவாமியார் எத்தனை தரம் "ஆகவே" என்கிறார், மன்னார்த் தீவின் தென்கரைக் காற்றாலைகளில் எத்தனை சுழல்கின்றன, எத்தனை நிற்கின்றன என்பதையெல்லாம் எண்ணி வைத்திருப்பேன். (யாரும் கேட்டதில்லை.)

இப்படிப்பட்டவன் கையில் ஒரு மின்சாரக் கார் கிடைத்தால் என்ன ஆகும்? வேகம் காட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மின்கலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் மிச்சம் என்று ஓர் எண். ஓட ஓட ஒவ்வொன்றாகக் குறையும் எண். எனக்கென்றே பிறந்த வாகனம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

எரிபொருள் வரிசையில் நாடே நின்ற காலத்தில், இனி என் ஆயுளில் வரிசையில் நிற்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். சபதத்தை நிறைவேற்ற எனக்கு நேரம் பிடித்தது. வரிசைகள் எல்லாம் காணாமல் போன பிறகுதான் கார் வீட்டுக்கு வந்தது. என்றாலும், பெற்றோல் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, உள்ளே நிற்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் "என்ன ஐயா, வழி தெரியாதோ?" என்று உதவிக்கே வந்துவிட்டார்.

காரை மந்திரிக்கப் பங்குச் சுவாமி வந்தார். எங்கள் பக்கம் புது வாகனம் தீர்த்தம் படாமல் தெருவுக்கு இறங்காது. சுவாமியார் தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்தார். மின்சாரம் ஏற்றும் துவாரம் காரின் மூக்கில் இருக்கிறது. ஓடிப்போய் ஒரு குடையை விரித்து அதன் மேல் பிடித்தேன். சக்கரங்களுக்கு மட்டும் தெளித்தால் போதாதா என்றும் கேட்டுவிட்டேன்.

சுவாமியார் என்னை நிதானமாகப் பார்த்தார். "மழைக்கும் இப்பிடித்தான் குடை பிடிச்சுக்கொண்டு முன்னாலை ஓடுவீங்களோ?"

என் மனைவி றெஜினா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது தெருவுக்கே கேட்டது.

இந்த நிலையில்தான் டிலானியின் கலியாணம் வந்தது. டிலானி, றெஜினாவின் தம்பி பீற்றரின் மகள். பீற்றர் தெற்கே அரிப்பு என்ற கடலோர ஊரில் மீன் வியாபாரி. ஐஸ்பெட்டி பூட்டிய லொறி ஒன்று வைத்திருக்கிறான். அந்த லொறியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை. அது எங்கள் வாசலுக்கு வந்து போனால் புகை போவதற்கு ஒரு பகலாகும், மணம் போவதற்கு மறுநாளாகும். அதை அவனுக்கு முன்னாலேயே பல தரம் சொல்லியிருக்கிறேன். அவன் "ஓம் அத்தான்" என்பான். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான். அந்த ஓமை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்ணை ஏற்றிவரும் பொம்பிளைக் காருக்கு மன்னார் டவுனில் ஒரு வாடகைக் கார் பார்த்திருப்பதாகப் பீற்றர் சொன்னான். நான் விடவில்லை. குடும்பத்தில் சத்தமில்லாத, புகையில்லாத, இந்த நூற்றாண்டுக் கார் ஒன்று நிற்கும்போது வாடகைக்கு எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். (அதில் எத்தனை "ஆகவே" வந்தது என்று நான் எண்ணவில்லை.)

"ஓம் அத்தான்" என்றான் பீற்றர்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. பூசை அரிப்புக் கோயிலில் காலை பத்து மணிக்கு. ஆனால் பெண்ணை உடுத்துவது டவுனில் உள்ள அழகு நிலையத்தில். அரிப்புச் சுவாமியாருக்குக் கலியாணம் முடிந்த கையோடு வேறு ஊரில் ஒரு செத்தவீட்டு அடக்கப் பூசை இருந்தது. பெண் பிந்தினால் பாட்டுப் பூசை கிடையாது, சுருக்கமாகத் தாலியைக் கட்டவைத்துவிட்டுப் போய்விடுவேன் என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

டிலானிக்கு அந்தப் பாட்டுத்தான் உயிர். சின்னப் பிள்ளையிலிருந்தே அந்தக் கோயிலின் பாடகர் குழுவில் பாடியவள். ஊரில் எத்தனையோ பெண்களுடைய கலியாணத்துக்குப் பாடிக் கொடுத்திருக்கிறாள். இந்த ஒரு நாள் மற்றவர்கள் அவளுக்காகப் பாட வேண்டும். காஞ்சிபுரம், நகை, பந்தல் எது போனாலும் பரவாயில்லை, பாட்டு மட்டும் போகக்கூடாது என்று எனக்கே சொன்னாள். "மாமா, உங்களை நம்பித்தான்."

கலியாணத்துக்கு முதல்நாள் காற்று ஏதோ ஒரு கம்பியை அறுத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது. விடிய நான் காரைப் பார்த்தபோது முப்பத்தாறு வீதம் இருந்தது. அதற்குள் கரண்ட் வந்திருந்தது. டவுனில் தெரிந்த வீட்டில் கொஞ்ச நேரம் பிளக்கில் பூட்டிவிடலாம் என்றாள் றெஜினா. நான் அவளுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். அரிப்புக்குப் பதினைந்து வீதம் தேவை. இருப்பது முப்பத்தாறு. இரட்டிப்புக்கும் மேல். தேவைக்கு மேல் ஏற்றுவது எந்தக் கணக்காய்விலும் வீண்செலவு.

"நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சண்டை பிறகு இருக்கிறது என்று அர்த்தம்.

டவுனில் பெண்ணை உடுத்தி முடிய இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. பெண் ஏறும்போது சீற் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு நேரமும் ஏசியைப் போட்டுவிட்டு நான் உள்ளேயே இருந்தேன். பீற்றரின் லொறியும் தெருவின் மறுபக்கத்தில் நின்றது. சாப்பாட்டுக்கு சோடாவும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போக வந்தானாம். ஏற்றிய பிறகும் போகவில்லை.

"நீ போவன். பொம்பிளையின்ரை தேப்பன் வீட்டிலை நிக்க வேண்டாமே?"

"இல்லை அத்தான், நான் பின்னாலை வாறன்."

பொம்பிளைக் காருக்குப் பின்னால் மீன் லொறி! வீடியோவில் விழுந்துவிடாமல் தூரமாக வா என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ஓம் அத்தான்."

அடுத்தது வீடியோக்காரன். டவுனிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தில் காரை மேலேயிருந்து எடுக்க வேண்டுமாம். தும்பி மாதிரி ஒரு யந்திரத்தைப் பறக்கவிட்டான். காற்று அதைத் தூக்கிக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று. திருப்பிப் பிடித்து, "ஐயா, இன்னொருக்கா வாங்கோ" என்றான். போனோம். பிறகும் இன்னொருக்கா. நாலாம் தரம் நான் மறுத்திருக்கலாம். ஆனால் என் கார் மேலேயிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

பாலத்தை விட்டு இறங்கும்போது எண் இருபத்திரண்டு. இன்னும் போதும். தெற்கே திரும்பினோம். திரும்பியதும் காற்று நேர் முகத்தில் அடித்தது.

மன்னாரில் பிறந்து வளர்ந்தவன் நான். வருட நடுவில் தெற்கிலிருந்து வீசும் காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய் முழங்கால் தேய்ந்தவன். காற்றை நம்பித்தானே இந்தத் தீவில் அவ்வளவு பெரிய ஆலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! அவற்றை எண்ணத் தெரிந்த எனக்கு, அவற்றைச் சுழற்றுவதைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. ஒரு கிலோமீற்றர்கூடப் போகவில்லை, எண் ஒன்று விழுந்தது. உடனே இன்னொன்று. பதினெட்டு. பதினேழு. நான் வாய்விட்டே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"மாமி, மாமா செபமாலை சொல்லுறாரோ?" என்று பின்னாலிருந்து டிலானி கேட்டாள்.

வங்காலையைத் தாண்டும்போது, தெரிந்த வீடு இருக்கிறது, நிறுத்திப் பூட்டுவோம் என்றாள் றெஜினா. வீட்டுப் பிளக்கில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை வீதம் ஏறும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடியும்போது வங்காலை பின்னால் போய்விட்டது, எண் ஒன்பதாகியிருந்தது.

ஏசியை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் கார் பாண் சுடும் போறணை அடுப்பாகிவிட்டது.

"மாமா," டிலானியின் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "கண்ணாடியைத் திறந்தால் கொண்டை பறக்கும். திறக்காட்டி முகம் வழியும். எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் கண்ணாடியைப் பாதி திறந்தேன். கொண்டையும் பறந்தது, முகமும் வழிந்தது.

அப்போதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் எரிந்தது. ஆமை. சக்தி முடியப்போகிறது, இனி இந்த வேகத்தில்தான் போவேன் என்று கார் தானே ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. நானூறு பக்கக் கையேட்டில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பழைய பெற்றோல் காரில் முள்ளு பூச்சியத்தில் விழுந்தாலும் அடுத்த ஊர்வரை ஓடும். பெற்றோல் பஞ்ச காலத்தில் மண்ணெண்ணெயிலே ஓடப் பழகிய எங்கள் தலைமுறைக்கு, பூச்சியம் என்றால் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். இந்தக் கார் அப்படி வளர்ந்தது அல்ல. பூச்சியம் என்றது, நின்றது. இரண்டு பக்கமும் பற்றைக்காடு. பத்து மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம்.

நானாட்டான் ஊர்ப் பக்கத்து உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டே இறங்கினார். கட்டி இழுக்கக் கூடாது, கையேட்டில் தடை என்று நான் குறுக்கே நின்றேன். அவர் பூமாலை போட்ட காரைப் பார்த்தார், உள்ளே இருந்த பெண்ணைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "அப்ப என்ன ஐயா, தலையிலை வைச்சோ கொண்டு போறது?"

டிலானி அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பாடகர் குழுவினர் தங்கள் இருக்கை வாங்கிலிருந்து பாட எழும்பியிருப்பார்கள் என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் புகை தெரிந்தது. நான் தூர வரச் சொன்ன புகை. அந்த அளவுக்கு அழகான புகையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பீற்றர் இறங்கினான். லொறியின் முன்கதவைத் திறந்தான். சீற்றின் மேல் புத்தம்புது வெள்ளைத் துணி விரித்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. காலடியில் கழுவிய பாய். மீன் மணத்தைக் காணோம். கொலோன் மணந்தது.

நான் துணியைப் பார்த்தேன். "எப்ப விரிச்சனீ?"

"விடியவே, அத்தான்."

அவன் அதை இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். என்னை ஏசியிருக்கலாம். செய்யவில்லை. மகளைக் கை பிடித்து ஏற்றினான். ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸைத் துவாயில் சுற்றிக் கொடுத்தான், முகத்தில் ஒற்றிக்கொள்ள. றெஜினா இருவருக்கும் நடுவில் தன்னைத் திணித்துக்கொண்டாள். போகும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சண்டை பிறகு என்று முன்பே சொன்னேனே.

அவர்கள் மணி அடிக்கும்போது வாசலில் இறங்கினார்களாம். பாட்டுப் பூசை முழுதாக நடந்தது. கடைசிப் பாட்டுக்கு, மணவறைக் கதிரையில் இருந்த டிலானியும் எழும்பிச் சேர்ந்து பாடிவிட்டாளாம். சுவாமியாரே மறிக்கவில்லையாம். எல்லாம் பிறர் சொன்ன "ஆம்"தான். நான் பார்க்கவில்லை. நான் காருக்குக் காவல்.

அடுத்த வேதனை மத்தியானம் வந்தது. நெல் வெட்டும் இயந்திரத்தை ஏற்றித் திரியும் பெரிய லொறி ஒன்றை அந்த உழவு இயந்திரக்காரர் அனுப்பியிருந்தார். காரை அதன் மேல் ஏற்றினார்கள். சாரதிக்குப் பக்கத்தில் இடமில்லை, அதனால் என்னைக் காருக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். இப்படியாக, பூமாலையும் றிபனும் கட்டிய காரில், தெருவுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், வேட்டி சால்வையோடு நான் தனியாக அரிப்புக்குள் நுழைந்தேன். திருநாளில் திருச்சொரூபம் வருவதுபோல இருந்ததாம். கிழவி ஒருத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள். பந்தலில் இருந்த பான்ட் வாத்தியக்காரர் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் வரவேற்பு மெட்டை வாசித்தார்கள். கலியாண அல்பத்தில் அந்தப் படம் முழுப் பக்கம். மேலேயிருந்து எடுத்தது. என் ஆசை நிறைவேறியது.

வெட்கத்தோடு சாப்பிட்டுவிட்டு, காரைப் பூட்ட ஒரு பிளக் தா என்று பீற்றரிடம் கேட்டேன். பாட்டுப்பெட்டி ஓடுகிறது, பாட்டு முடியட்டும் என்றான். பாட்டு முடியப் பொழுதுபட்டது.

இதெல்லாம் நடந்து டிலானிக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. நான் எங்கே வெளிக்கிட்டாலும், அது வாசலில் இருக்கும் கடையாக இருந்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் "காத்தை எண்ணியாச்சோ?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். காரை நூறு வீதம் ஏற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன். கணக்காய்வு என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போனபோது தலைமன்னாரிலிருந்து வரும் ஒரு மீன் சுமைக்காகப் பீற்றரும் எங்கள் பக்கம் வந்திருந்தான். நான் நூறு வீதத்தோடு முன்னால் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். அவன் பின்னால் வந்துகொண்டே இருந்தான், நான் நிறுத்தினால் நிறுத்தினான்.

அரிப்பில் இறங்கியதும் போய் லொறியின் முன்கதவைத் திறந்து பார்த்தேன். அதே வெள்ளைத் துணி.

"இன்னும் எடுக்கேல்லையே?"

"அது இனி உங்கட சீற், அத்தான்" என்றான் பீற்றர்.

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?