பின்சீட்டில் ஹெல்மெட் போட்டவள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நான் மாசாமாசம் சம்பளம் வாங்குகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியின் சீல் நம்பரையும் பேப்பரில் இருக்கிற நம்பரோடு ஒத்துப் பார்ப்பேன். ஒரு எண் பிசகினாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். ஹெல்மெட்டும் ஆரஞ்சு கோட்டும் போடாத டிரைவர் எவனாக இருந்தாலும் உள்ளே விடமாட்டேன். அங்கே என் பேர் சேஃப்டி அக்கா. (முதுகுக்குப் பின்னால் வேறு பேர்களும் உண்டு. எழுதினால் நன்றாக இருக்காது.) யார்டில் பார்க்கிற பார்வையை யார்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நைட்டியோடு நடுரோட்டில் நின்றிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் சேகர் டிரெய்லர் ஓட்டுகிறார். என் தம்பி பாபு காலடிப்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். முன்பு ஆட்டோ ஓட்டியவன். விடிகாலையில் ஆட்டோ ரேஸ் விடுகிறோம் என்று போய், ஆறு வருஷத்துக்கு முன்னால் வண்டி கவிழ்ந்தது. வலது காலில் பிளேட்டும் ஸ்க்ரூவும். பாதம் அசையாது, பிரேக்கை மிதிக்க முடியாது. அந்த வண்டியின் பின்சீட்டில் இருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சேகர்தான். ஆட்டோ ரேஸில் பின்னால் ஒரு ஆள் வேண்டும். வளைவில் வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, எதிர்ப் பக்கமாக உடம்பை வெளியே தள்ளிச் சாய்ந்துகொண்டு வர வேண்டும். அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவர் கையை என் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினேன். இனிமேல் ரேஸ் என்று ஒரு நாள் போனாலும் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு பேருக்கும் பைத்தியம் தெளியவில்லை. ஓட்டத்தானே கூடாது, பார்க்கலாமே என்று எங்கள் வீட்டு டிவியில் அமெரிக்காக்காரன் நடத்துகிற ஸ்டாக் கார் ரேஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பார்க்க நம் ரோட்டில் ஓடுகிற கார் மாதிரியே இருக்கும். முப்பது நாற்பது வண்டிகள் ஒரே வட்டத்தில் உரசிக்கொண்டு சுற்றிச்சுற்றி வரும். நானும் பார்ப்பேன். ஜன்னலில் வலை கட்டியிருக்கிறானா, டிரைவர் கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கிறானா, இதுதான் என் கவலை. எங்காவது ஒரு கார் மோதி நின்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். உடனே எல்லா வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகப் போக வேண்டும். எனக்கு அந்த ரேஸிலேயே பிடித்த இடம் அதுதான். சேகருக்கு அங்கேதான் எரியும்.

“நல்லா சூடு புடிச்சுகினு வர்ற நேரத்துல ஊர்கோலம் வுடறானுங்க பாரு” என்பார்.

“ஒருத்தன் வண்டி செவுத்துல சொருவிகினு கீது. மத்தவன் வந்து அவன் மேல ஏறணுமா?”

பாபு நடுவில் வருவான். “இடிக்கணும்னு யாருக்கா சொன்னா? இடிச்சுடுமோன்னு ஒரு பயம் இருக்கணும். அதுகூட இல்லன்னா அதுக்குப் பேரு ரேஸா? ஷேர் ஆட்டோ.”

“காலைத் தூக்கி ஸ்டூல் மேல வெச்சுகினு பேசற பேச்சாடா இது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு அந்தக் காலத்தில் இல்லை.

அடுத்த மாசத்தில்தான் சேகர் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக ஆரம்பித்தார். கல்யாணமாகி பதினான்கு வருஷத்தில் மீன் சாப்பிடுவதற்கு மட்டுமே எழுந்தவர் அவர். என் கேட் கிளார்க் புத்தி விழித்துக்கொண்டது. முதல் வாரம் வாங்கி வந்த சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஏலத்தில் எடுத்த மீனா இது? இரண்டாவது வாரம் சட்டையை மோந்து பார்த்தேன். டிரெய்லர் ஓட்டுகிறவர் மேல் டீசல் வாடை அடிக்கலாம், எனக்கு அது பழகிப்போன வாசனை. இது பெட்ரோல். மூன்றாவது வாரம் அவர் குளிக்கப் போன நேரத்தில் போனில் ஒரு மெசேஜ் வந்தது. ‘வெல்டிங்’ என்று பேர் போட்டு வைத்திருந்த ஆளிடமிருந்து: “மாமு, வண்டி ரெடி. ஞாயித்துக்கெழம ரோட்ல வுட்டுப் பாத்துடலாம்.”

 மனுஷன் மறுபடியும் ரேஸுக்குப் போகிறார். என் தலைமேல் வைத்த கையால்தான் அந்த ஆட்டோவையும் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறார்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார் என்று, பாபுவுக்குப் போன் போட்டேன்.

“உங்க மாமா இன்னா பண்ணிகினு கீறாருன்னு உனக்குத் தெரியுமாடா?”

“மாமாவா? அவரு இன்னா பண்ணுவாரு பாவம். மீன் வாங்கினு வராரு.”

“மீன் வாங்கறாருன்னு நான் சொல்லவே இல்லியேடா.”

 “கஸ்டமர் வந்துட்டாங்கக்கா” என்று வைத்துவிட்டான். அன்றைக்கு என் சந்தேக லிஸ்ட்டில் இரண்டாவது பேரும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அவர் பைக்கை எடுத்தார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்து, சத்தம் தெருமுனை தாண்டியதும் எழுந்து ஓடினேன். புடவை கட்ட நேரமில்லை. நைட்டி மேலேயே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். முகம் தெரியக் கூடாதே என்று என் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். (முகத்தை மறைக்கத் துப்பட்டாவே போதும் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.) தேரடி ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு ஆட்டோதான் நின்றது. எத்திராஜ் அண்ணனுடையது. எதிரே டீக்கடை வாசலில் சேகர் அப்போதுதான் டீ குடித்துவிட்டு மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அறுபது வயசு. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார். அவர் வண்டியில் ஏறினால் நடந்து போகிறவர்களோடு பேசிக்கொண்டே போகலாம்.

“அண்ணே, அந்த பைக் பின்னாடியே போங்க.”

“பைக்ல யாரும்மா?”

“எங்க வூட்டுக்காரரு.”

எத்திராஜ் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பொம்பள சமாச்சாரமா?”

“அதுன்னாகூட பேசித் தீத்துக்கலாம்ணே. இது ரேஸு.”

காசிமேட்டுக்குப் போவதென்றால் தெற்கே திரும்ப வேண்டும். சேகர் வடக்கே எண்ணூர் பக்கம் திரும்பினார். ஒரு வெல்டிங் கடை வாசலில் பைக் நின்றது. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆட்டோ உறுமிக்கொண்டு வெளியே வந்தது. ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. என் புருஷன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதே பின்சீட்டு. 

“வுடாதண்ணே! அவரை நிறுத்தணும். முன்னாடி போய் மறிங்க!”

எத்திராஜ் அண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். நான் தலையை வெளியே நீட்டி “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து எனக்கே அது கேட்கவில்லை. முன்னால் போன வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஹாரனைக் கேட்டதும் சேகர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அந்த வண்டி விர்ரென்று எகிறியது.

“ஓடறான் பாரு!” என்றேன்.

“ஓடட்டும்மா. எங்க போய்டுவான்?” என்றார் எத்திராஜ் அண்ணன். சொன்னவர் பீடியைத் துப்பிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். இருபத்தைந்து முப்பதாயிற்று, நாற்பதாயிற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வரிசையாக நிற்கிற டிரெய்லர்கள். ரோடு வளைகிற இடத்தில் வண்டியின் ஒரு சக்கரம் லேசாகத் தூக்கிற்று.

“யம்மா கோமதி! இந்தாண்ட சாயி! நல்லா வெளிய சாயி!”

சாய்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே தள்ளிச் சாய்ந்தேன். துப்பட்டா பறந்துபோய்விட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த வளைவு முடிந்ததும், அடுத்த வளைவு எப்போது வரும் என்று நான் பார்த்தேன். யாரைப் பிடிக்க வந்தோம், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் கொஞ்ச நேரம் என் நினைவிலேயே இல்லை. “அமுக்குண்ணே! வுடாத! தோ, கிட்ட வந்துட்டோம்!” என்று யாரோ கூச்சல் போட்டார்கள். என் வாய்தான் அது.

அடுத்த திருப்பத்தில் போலீஸ் தடுப்பு. முன்னால் போன ஆட்டோ கச்சிதமாக, ஒரு அடி முன்னாடியே நின்றது. எங்கள் ஆட்டோ தடுப்பை முட்டித் தள்ளிவிட்டு நின்றது.

நின்றிருந்தது ஒரு பெண் எஸ்.ஐ. நேரே என்னிடம்தான் வந்தார்.

“பேசஞ்சருக்கு எதுக்கும்மா ஹெல்மெட்?”

“சேஃப்டிக்கு மேடம்.”

“ஆட்டோவுல போறதுக்கா? ரேஸுன்னு தெரிஞ்சு ரெடியாத்தான் வந்திருக்கீங்க. எறங்குங்க. ரெண்டு வண்டியும் ஸ்டேஷனுக்குப் போகட்டும்.”

“நான் இல்ல மேடம்! ரேஸு வுடறது தோ, அவரு!” என்று சேகரைக் கை காட்டினேன்.

சேகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரும்மா நீ? இன்னாத்துக்கு எங்களத் தொரத்தினு வர?”

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அப்போது அந்த ஆட்டோவின் டிரைவர் சீட்டிலிருந்து ஒரு கைத்தடி முதலில் இறங்கியது. பின்னாலேயே பாபு இறங்கினான்.

“அக்கா? நீயா? யாரோ பழைய ரேஸு பகையில அடிக்க வரானுங்கன்னு பயந்துல்லக்கா ஓட்டிகினு வந்தேன்!”

சேகர்தான் எஸ்.ஐ.யிடம் விளக்கினார். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, காலால் மிதிக்கிற பிரேக்கைக் கையால் பிடிக்கிற மாதிரி வெல்டிங் கடையில் மாற்றியிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. டெஸ்டுக்குக் கூப்பிடுவதற்குள் பாபுவுக்குக் கை பழக வேண்டும் என்று, ரோடு காலியாக இருக்கிற நேரத்தில் முப்பதைத் தாண்டாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஏதாவது ஆனால் எட்டிப் பிடிக்கப் பின்சீட்டில் சேகர்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். 

“சொன்னா வுட்டிருப்பியா?” என்றான் பாபு.

விட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆறு வருஷமாக அவனை ஒரு ஸ்டூலில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பேர் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி மறுபடி கவிழ்ந்திருந்தால், கவிழ்த்தது நானாக இருந்திருப்பேன்.

எஸ்.ஐ. நோட்டைத் திறந்தார். “கதையெல்லாம் அப்புறம். ஓவர் ஸ்பீடு, ரேஸு. மொதல்ல கேஸு எழுதிடறேன்.”

கேஸ் என்று ஒன்று விழுந்தால் பாபுவுக்கு அந்த வண்டியை ஓட்ட எந்தக் காலத்திலும் அனுமதி கிடைக்காது. கைத்தடியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“மேடம், ரேஸு வுட்டது நான்தான்” என்றேன். “அவங்க மெதுவாத்தான் போனாங்க. தொரத்தினது நானு, கத்தினது நானு. இந்த அண்ணனைக் கூட நான்தான் முறுக்கச் சொன்னேன். எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க.”

அவர் என் நைட்டியைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், பாபுவின் காலைப் பார்த்தார். நோட்டை மூடினார். ஓரத்தில் இருந்த போலீஸ் பூத்துக்குள் போய் ஒரு போர்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ‘மித வேகம் மிக நன்று’.

“ஒம்போது மணி வரைக்கும் சிக்னல்ல புடிச்சுகினு நில்லுங்க. ஹெல்மெட்டையும் போட்டுக்குங்க, சேஃப்டிக்கு.”

நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிரெய்லர் வராது என்று நினைத்தேன். வந்தது. எங்கள் யார்டுக்குப் போகிற டிரைவர்களெல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தங்கள் ஹெல்மெட்டைத் தொட்டு எனக்கு சல்யூட் அடித்தார்கள். ஒருவர் இறங்கி வந்து, “அக்கா, ஆரஞ்சு கோட்டு எங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாபுவுக்கு நாலு மாசத்தில் எல்லாப் பேப்பரும் கைக்கு வந்தது. முதல் சவாரிக்கு நான்தான் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். தேரடியில் ஏறி டோல்கேட் போக வேண்டும். வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இருபதில் ஓட்டினான். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். சரி, போகட்டும். தண்ணி லாரி தாண்டிற்று. பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாநகர பஸ், உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் எங்களைக் குனிந்து பார்க்கிற மாதிரி, ஆடி அசைந்து பக்கத்தில் வந்தது.

“பாபு” என்றேன்.

“இன்னாக்கா?”

“அந்த பஸ்ஸ மட்டும் முந்திடுடா.”

 கை பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்தினான். இன்றைக்கு வரைக்கும் அவன் வண்டியிலிருந்து பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட சவாரி நான் ஒருத்திதான். டோல்கேட்டுக்கு நடந்தே போனேன்.