ரந்தா மாதிரி ஒருத்தி

நிதால் எழுந்தான். முகம் கழுவினான். ஏலக்காய்க் காபி பாதி பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது, மீதியைக் குடித்தான். ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்றான். மனைவி ரந்தா என்னவோ சொன்னாள். "ம்" என்றான். ஜோர்டானின் அம்மான் நகரத்து ஏற்றங்களில் முக்கி முனகிக்கொண்டு கார் அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

மருந்து இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் சட்ட ஆலோசகன். வக்கீல்களுக்கும் வியாபாரிகளுக்கும் மாலையில் நடக்கும் சைபர் சட்ட வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவரிடம் அடையாள அட்டை கேட்டான். மேலாளர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைத் திறக்காமலே அழித்தான்.

முந்தின நாள் பாடம், கணினியில் உருவாக்கும் போலிக் குரல். டாக்டர் ஹாலா வகுப்பில் சொல்லியிருந்தார்: "குரலை நம்பாதீங்க. சந்தேகம் வந்தா கட் பண்ணுங்க. வேற போன்லேர்ந்து திருப்பிக் கூப்பிடுங்க. வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வியா கேளுங்க."

நாற்காலியில் உட்கார்ந்ததுமே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நிதால், நான்தான். போனை டாக்சியில விட்டுட்டேன். இது ரொட்டிக்கடைக்காரர் போன். நான் அடிச்சா டிரைவர் எடுக்கல. உன் பேர் வந்தா எடுப்பார். உடனே கூப்பிடு. எங்கம்மா பேசினதெல்லாம் அதுலதான் இருக்கு. எவனாவது அழிச்சுட்டா..."

மாமியார் போன குளிர்காலத்தில் இறந்துபோனவர். அவர் அனுப்பிய குரல் செய்திகள் வேறெங்கும் இல்லை. ரந்தா அவற்றைத் தினமும் கேட்பாள்.

நிதாலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. புது எண். அவசரம். செத்தவர் பெயரில் கண்ணீர். பாடத்தில் சொன்னது அப்படியே வந்து நிற்கிறது. கட் செய்தான்.

"யாரு, உஸ்தாத்?" என்றாள் பக்கத்து மேஜை ஷுரூக். அங்கே வக்கீல் என்றாலே உஸ்தாத்தான்.

"என் பெண்டாட்டி மாதிரி ஒருத்தி."

"மாதிரியா? இதைப் பெண்டாட்டி கேட்டா என்ன ஆகும்னு வகுப்புல சொல்லித் தரலையா?"

"உன் போனைக் கொடு."

ஷுரூக்கின் போனிலிருந்து ரொட்டிக்கடை எண்ணை அழைத்தான். அந்தக் குரலே எடுத்தது.

"நிதால் பேசறேன். உனக்குப் பிடிச்ச நிறம் என்ன?"

"என்னது?"

"சொல்லு."

"...பச்சை."

சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஷுரூக் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, பிடிச்ச சாப்பாடு?"

"மக்லூபா."

அதுவும் தெரியவில்லை. "சின்ன வயசுல நீ என்னவாகணும்னு ஆசைப்பட்டே?"

குரல் தாழ்ந்தது. "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" லைன் கட்டானது.

"மாட்டிக்கிட்டா!" என்று மேஜையைத் தட்டினான் நிதால்.

"எதுல மாட்டினாங்க உஸ்தாத்? விடை உங்களுக்குத் தெரியுமா?"

உண்மையான ரந்தாவை எச்சரிக்கத் தன் போனிலிருந்து அவளுடைய எண்ணை அழைத்தான் நிதால். ஓர் ஆண் எடுத்தான்.

"அண்ணே, இந்தப் போன்..."

"யாருடா நீ? என் பெண்டாட்டி போன் உன் கையில எப்படி?"

"டாக்சியில, பின் சீட்டுல..."

"ரெண்டு பேரும் கூட்டா? அவ அழறா, நீ டிரைவரா நடிக்கறே. அடுத்தவர் கருவிக்குள்ள அனுமதியில்லாம நுழையறது, ஆள்மாறாட்டம், சதி. உள்ள போனா வெளிய வர மாட்டே, தெரியுமா?"

"அல்லாவே! நான் போனை எடுத்து ஹலோதானே சொன்னேன்?"

"அதுவே போதும்."

போன் அணைந்துவிட்டது. மறுபடி அழைத்தான். அணைந்தே இருந்தது.

ரந்தாவின் போன் திருடன் கையில் என்றால் ரந்தா எங்கே? தொலைபேசிக் கம்பெனியை அழைத்து, இணைப்பை முடக்கச் சொன்னான்.

"பாதுகாப்புக் கேள்வி, சார்," என்றாள் அங்கிருந்த பெண். "உங்க மனைவியோட பிறந்த தேதி?"

நிதால் ஒரு தேதி சொன்னான். பிறகு இன்னொன்று சொன்னான்.

"மன்னிக்கணும். சந்தேகமான அழைப்பா பதிவாகுது. ஒரே குடும்பக் கணக்குங்கறதால உங்க எண்ணையும் சேர்த்து முடக்கறேன்."

கையிலிருந்த போன் செத்துப்போனது.

"ஒண்ணு கேட்டீங்க, ரெண்டு முடங்கிருச்சு," என்றாள் ஷுரூக். "இனி போலீஸ்தான். அங்கேயாவது கேள்வியை அவங்க கேக்கட்டும்."

சைபர் குற்றப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் மேஜை மேல் ரந்தாவின் போன்.

"இது! இதேதான்! நான் வக்கீல், இது என் பெண்டாட்டி போன்!" என்று கத்தினான் நிதால்.

"உக்காருங்க, உஸ்தாத். டாக்சி டிரைவர் ஒருத்தர் நடுங்கிக்கிட்டே வந்து கொடுத்துட்டுப் போனார். யாரோ கிறுக்கு வக்கீல் மிரட்டினானாம். உள்ள ஒண்ணும் அழியல."

"திருடி அகப்பட்டாளா? என் பெண்டாட்டி குரல்ல பேசினவ?"

"அப்படி யாரும் இல்ல. அது உங்க மனைவியேதான். ரொட்டிக்கடையிலேர்ந்து நேரா இங்க வந்தாங்க, புகார் கொடுக்க. இப்பத்தான் வீட்டுக்குப் போறாங்க. போன்ல நாங்க பார்க்க வேண்டியது இருந்ததால சாயங்காலம் வாங்கிக்கச் சொன்னேன்."

"என்ன புகார்?"

"தெரியாத எண்ணிலேர்ந்து ஒருத்தன் உங்க குரல்ல பேசி ஏமாத்தப் பார்த்தானாம்."

"அது நான்தானே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். வீட்டுக்காரராவே இருக்கலாமேம்மான்னு. வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி நின்னு சொன்னாங்க: 'குரல் அவரோடதேதான், மேடம். ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு என்ன பிடிக்கும்னு அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.'"