அட்டை போட்ட புத்தகம்

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு சிரிப்பு செல்வக்குமாரின் காதில் இன்னும் குடியிருந்தது. தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டியது போன்ற சிரிப்பு. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்; ஐந்தாம் வகுப்பு. எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே மூன்று முறை முட்டி நின்றார். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று மூடியவர், பரீட்சைக்குத் தவிர பிறகு எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை.

இப்போது சமயநல்லூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். பில் எழுதுவார், போர்டு படிப்பார். பத்தி பத்தியாக ஏதாவது வந்தால்தான் உள்ளங்கை வியர்க்கும். இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. தெரியாமலிருக்க அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. தினமும் காலையில் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் அரைமணி நேரம் பிடித்திருப்பார். நடுநடுவே, "ம்ஹும், நாடு எங்க போகுது!" என்பார். மகள் சுபலட்சுமியின் கதைப் புத்தகங்களுக்கெல்லாம் அவரேதான் அட்டை போடுவார். பிரவுன் ஷீட்டை மடித்து, முனையை நகத்தால் நீவி, லேபிள் ஒட்டி முடித்தால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. சட்டை தைக்கிறவர் ஆளின் மனதையா பார்க்கிறார்?

வினை வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பெற்றோர் குழுவில், 'பிள்ளைகளை வாசிக்க வைக்க இருபது வழிகள்', 'சிறார் இலக்கியம் ஏன் தேவை' என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிக்காமலே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் உற்சாகம் மீறி, "நானெல்லாம் சின்னப் பிள்ளைல ராத்திரி பகலா கதைப் புத்தகம் படிச்சவன்" என்று குரலிலும் பதிவு செய்து அனுப்பினார்.

நாகஜோதி டீச்சர் உடனே பதில் போட்டார்: "ரொம்ப சந்தோஷம் சார். வர்ற வெள்ளிக்கிழமை மதியம் நம்ம கிளாஸுக்கு ஒரு புத்தகத்தோட வாங்க."

அதன் கீழே வரிசையாக முப்பது கைதட்டல்கள்.

அன்று சாயந்திரமே சுபலட்சுமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்கப்பா வாராரு! எங்க கிளாஸ்ல கதை வாசிக்க வாராரு!"

மனைவி ரோகிணி ஒரு புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "இதக் கொண்டுபோங்க. ஒருதடவ பிரிச்சுப் பாத்துக்கங்க."

பிரித்துப் பார்க்கவில்லை. அட்டை போட்டார். போடும்போதே அந்தப் பழைய சிரிப்பு கேட்டது. இந்த முறை சிரிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் மகளும் உட்கார்ந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, விரலால் தொண்டையைக் காட்டினார்.

"என்னங்க, பேச்சு வரலையா?" என்றாள் ரோகிணி.

இல்லை என்று தலையாட்டினார்.

"கொஞ்சங்கூடவா?"

இன்னும் பலமாக ஆட்டினார்.

"ஐயோ பாவம். நான் பாத்துக்கிடுறேன், விடுங்க."

பார்த்துக்கொண்டாள். வேளைக்கு ஒரு டம்ளர் கண்டங்கத்திரிக் கஷாயம் வந்தது. கறிக்குழம்பு போய் உப்பில்லாத கஞ்சி வந்தது. அதற்குப் பிறகு கேள்விகள் வந்தன.

"ஏங்க, ஹால்ல டிவி இருக்குற இடத்துல பிள்ளைக்குப் புத்தக அலமாரி வச்சுரலாமா? வேணாம்னா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

டிவி மாடிக்குப் போனது.

"என் தம்பி கல்யாணத்துக்கு சோழவந்தானுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே போயிருவோமா? வேணாம்னா சொல்லுங்க."

கண்ணை உருட்டினார்.

"கண்ணு ஏன் இப்படிச் சொருகுது? காய்ச்சலும் இருக்கும் போலயே. இருங்க, இன்னொரு டம்ளர் கொண்டாரேன்."

பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீடு இம்புட்டு அமைதியா இருக்கு?"

"உங்க அண்ணனுக்குத் தொண்ட கட்டிருச்சு. ரெண்டு நாளாப் பேச்சே இல்ல."

"குடுத்து வச்சவக்கா நீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இருமல்கூட வர மாட்டேங்குது."

வியாழக்கிழமை ரோகிணியே வழி சொன்னாள். "பிள்ள ஆசப்பட்டுட்டா. நானும் கூட வாரேன். நீங்க புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்த மட்டும் புரட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிடுறேன்."

செல்வக்குமார் அன்று ஐந்தாவது டம்ளரைக்கூடச் சிரித்த முகத்தோடு குடித்தார். ஜெயித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம். மஃப்ளரோடு போய் வகுப்பின் முன்னால் நின்றார். முன்வரிசையில் சுபலட்சுமி. ரோகிணி அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. நேரே கடைசி வரிசைக்குப் போய், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வா, வா என்று கையைக் காட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தார். ஒரு ஆடு பஸ் ஸ்டாப்பில் நின்றது. அடுத்த பக்கம். ஆடு பஸ்ஸில் ஏறியது. அடுத்த பக்கம். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தது. அவசர அவசரமாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"என்னது! ஒரு எழுத்துகூட இல்லையே!"

கடையில் இருந்து ரோட்டுக்கு எட்டுகிற குரல். வகுப்பறை அதிர்ந்தது.

பிறகு சிரிப்பு. தகரக் கூரை, புளியங்கொட்டை, எல்லாம். செல்வக்குமாருக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்தபடி ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"அப்பா, அந்த ஆடு எந்த ஊருக்குப் போகுது?"

"அது... கொட்டாம்பட்டிக்கு."

"டிக்கெட் எடுத்துச்சா அங்கிள்?" என்றான் ஒருவன்.

"எடுத்துச்சு. எடுத்துட்டு, பசிக்குதுன்னு தின்னுருச்சு."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மணி அடித்தபோது ஆடு இன்னும் மேலூர் தாண்டவில்லை.

திரும்பும்போது சுபலட்சுமி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் செல்வக்குமார் வாயைத் திறந்தார்.

"எழுத்தில்லாத புத்தகம்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாந்தான வாங்குனேன்."

"சொல்லிருந்தா அம்புட்டுக் கஷாயத்தையும் குடிச்சிருக்க மாட்டேன்ல?"

"ஒருதடவ தொறந்து பாத்திருந்தா நானும் காய்ச்சிருக்க மாட்டேன்ல?"

மஃப்ளரைக் கழற்றிச் சுருட்டினார். "அப்ப... எனக்கு வாசிக்க..."

"கல்யாணமான மூணாவது மாசமே தெரியும். பத்து நாளா ஒரே பேப்பரத்தான் மடிச்சு வச்சேன். பத்து நாளும் நாடு எங்கயோ போய்க்கிட்டேதான் இருந்துச்சு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டு வருஷம். ஒரு காலைகூடத் தவறாமல் காபிக்குப் பக்கத்தில் அந்தப் பேப்பரை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று நாள் குடித்த கஷாயம் இப்போதுதான் கசந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் சார் வருவாரான்னு டீச்சர் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்களுக்குத்தான் தொண்ட கட்டிருக்கே. வருவாருன்னு நானே சொல்லிட்டேன்."

அடுத்த வாரத்துப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி இருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு. இப்போதெல்லாம் திறந்து பார்த்துவிட்டுத்தான் அட்டை போடுகிறார். முட்டி நிற்கிற இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஜூன் மாதம் சுபலட்சுமியும் மற்றப் பிள்ளைகளும் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். செல்வக்குமார் மட்டும் இன்னும் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறார்.