ஈரச் சிமென்ட்டில் பன்னிரண்டு இதழ்

புதுச்சத்திரம்
21.11.1978

பாசமுள்ள அண்ணன் அப்துல் சலாம் அவர்களுக்குத் தங்கை வஹீதுன்னிசாவின் சலாம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், செவ்வாய்ப்பேட்டைக் கடை நன்றாக நடக்கவும் துஆ செய்கிறேன்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் எட்டாம் வகுப்புக்கு வட்ட டிசைன் சொல்லிக்கொடுத்தேன். வட்டத்தைப் பன்னிரண்டு சமபாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தில் வரைந்ததை அப்படியே மற்ற பாகங்களிலும் வரைந்தால் பூ மாதிரி விரியும். நாற்பத்தியொரு பிள்ளைகளுக்கு மூன்று காம்பஸ்தான் தேறியது, அதில் ஒன்றுக்குக் கால் நிற்காது. ஆகவே ஆணியும் நூலும் கொண்டுவரச் சொல்லி, "ஆணி அசையக் கூடாது, ஓர் இதழில் வருவது எல்லா இதழிலும் வரவேண்டும்" என்று போர்டில் எழுதிப்போட்டேன். சௌந்திரம் என்ற பெண் தாள் பத்தவில்லை என்றாள். பெரிசாக வரைந்தால்தான் கை திருந்தும் என்று நானும் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் அப்பா அப்புசாமி, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுவான களத்துக்கு, ஏழு மாதம் தாலுக்கா ஆபீசுக்கு அலைந்து பெர்மிட் சிமென்ட் வாங்கி, அன்றைக்குத்தான் தளம் போட்டிருக்கிறார். மேஸ்திரி பூசிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் இந்தப் பெண் பலகை போட்டு உட்கார்ந்து, நடுவில் ஆணி அடித்து, நூலைப் பிடித்துப் பன்னிரண்டு இதழையும் கீறி முடித்துவிட்டாள். அதைப் பார்த்து அப்புசாமி கத்திக்கொண்டு ஓடிவந்து ஓர் இதழில் கால் வைத்திருக்கிறார். மகளைத் தாங்கிய சிமென்ட் அப்பாவைத் தாங்கவில்லை, கணுக்கால் வரை கால் இறங்கிவிட்டது. மேஸ்திரி திரும்புவதற்குள் தளம் இறுகிப்போனது, அழித்துப் பூச மிச்சச் சிமென்ட்டும் இல்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கையோடு களத்துக்குக் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அல்லாஹ் அறிவான். ஆனால் அண்ணே, அந்த டிசைனைப் பார்த்ததும் வந்த காரியமே மறந்துவிட்டது. பதினாறு அடி வட்டம், நூல் பிசகவில்லை. சுற்றிச் சுற்றி வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எல்லாம் சரிதான், இந்த ஒரு இதழ் மட்டும் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க டீச்சர், என்ற களத்துல என்ற காலு பட்டது தப்புங்களா?" என்றார் அப்புசாமி.

சௌந்திரம் விடவில்லை. "ஒண்ணுல வந்தது எல்லாத்துலயும் வரோணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கப்பா. மிச்சம் பதினொண்ணுலயும் காலை வெச்சிருந்தீங்கன்னா சரியாப் போயிருக்குமுங்க."

ஹெட்மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்புசாமி சிரித்தேன் என்கிறார். "பொட்டப்புள்ளையக் கெடுத்த இந்த டீச்சரம்மா இங்க இருக்கப்படாதுங்க, மனுக் குடுக்கப் போறேன்" என்று போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் தாளைத் தொடுவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தாங்கவில்லை. என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்த கிளார்க்கிடம் சொல்லி, மனு போவதற்குள் சேலத்துக்கே மாற்றல் வாங்கிக்கொடுங்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அண்ணிக்கு சலாம், குட்டி அமீனாவுக்கு முத்தம். ரப்புல் ஆலமீன் உங்கள் எல்லோரையும் காப்பானாக.

இப்படிக்கு,
வஹீதுன்னிசா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அண்ணன் தம்பி மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். கையில் மனு இல்லை. நேற்று களத்தில் கடலைக்காயைக் கொட்டி நிரவி, ஆளுக்கு நாலு இதழ் என்று பிரித்தார்களாம். வருஷா வருஷம் பங்கு பிரிக்கையில் அடிதடி வருமாம், இந்த வருஷம் பதினோரு இதழ் வரை சத்தமே இல்லையாம். கால் இறங்கிய இதழ் இரண்டு படி கூடப் பிடிக்கிறது, அது யாருக்கு என்பதில்தான் நிற்கிறது. "கால் என்னுதுங்க, அப்ப எதழும் என்னுதுதானுங்க" என்கிறார் அப்புசாமி. "டீச்சரம்மா வந்து சொன்னாக் கட்டுப்படறோமுங்க" என்கிறார்கள் மற்ற இரண்டு பேரும். சௌந்திரத்துக்குப் புதுக் காம்பஸ் பெட்டி வந்திருக்கிறது, பீரியட் முழுக்க வரைந்தாள். சனிக்கிழமை தீர்ப்புச் சொல்லப் போகிறேன். மாற்றல் வேண்டாம். கிளார்க்கிடம் ஏற்கெனவே பேசியிருந்தால், அது வேறு யாரோ ஒரு வஹீதுன்னிசா என்று சொல்லிவிடுங்கள்.