நடுப்பந்துக்காரர்

இரட்டையர் டென்னிஸ் பார்த்திருக்கிறீர்களா? வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். கூட்டாளிகள் இருவருக்கும் சரி நடுவே ஒரு பந்து வந்தால் அது யாருடையது? அந்தச் சந்தேகத்திலேயே பிழைப்பை நடத்திவிடும் ஒரு ரகம் உண்டு. அவர்தான் நடுப்பந்துக்காரர்.

பந்து நடுவே வந்ததும் "உன்னுது!" என்று குரல் கொடுத்துவிட்டு, லிஃப்டில் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் பவ்யமாக ஒதுங்குவார். கூட்டாளி பாய்ந்து, விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு அதை அடித்துப் புள்ளியும் வாங்கிவிட்டால், முஷ்டியை உயர்த்திக் கூட்டத்தைப் பார்ப்பவர் யார்? இவர்தான். "அடிச்சோம்ல!" பந்து வலையில் மாட்டிக்கொண்டதோ, கூட்டாளியின் தோளைத் தட்டிக்கொடுப்பார், கேமராவில் தெரிகிற மாதிரி. "விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்." அந்த எல்லாரிலும் அவர் சேர்த்தியில்லை.

நான் பார்த்தவருக்கு மனைவியின் தம்பியே கூட்டாளி. பல வருஷம் ஊர் ஊராக ஆடி, முதல்முறையாக ஒரு பெரிய போட்டியின் அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். அவர் மனைவி எனக்குப் பக்கத்து இருக்கையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது செட்டில் தம்பிக்குக் கால் இழுக்கத் தொடங்கியது. இடைவேளையில் அவர்கள் பேசியது முன்வரிசையில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"மாமா, நடுவுல வர்றதுல பாதியாவது நீங்க எடுங்க. ஓட முடியல."

"நான் எடுக்கமாட்டேன்னா சொன்னேன்? நீதான் முந்திக்கிற மச்சான்!"

தம்பி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

டை-பிரேக். எதிரணிக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. அவர்கள் தூக்கியடித்த பந்து, அவசரமே இல்லாமல், இருவருக்கும் நட்டநடுவே இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகூட அடித்துவிடும்.

"உன்னுது!"

தம்பி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"இல்ல மாமா. உங்களுது."

பந்து விழுந்தது. எழும்பியது. மறுபடி விழுந்து, இருவர் காலுக்கும் நடுவே உருண்டு போயிற்று. ஆட்டம் முடிந்தது. மாமாவோ அதுவரை யாருமே செய்யாத துரோகத்தைக் கண்டவர்போல வாயைப் பிளந்து நின்றார். எதிரணி துள்ளிக் குதிப்பதற்கு முன்பே என் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள்.

"தோத்ததுக்கா கைதட்டுறீங்க?" என்றேன்.

"என் தம்பி ஓடாம நின்னான்ல, அதுக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது.

நிருபர்களிடம் நம்மவர் பெருந்தன்மையாகப் பேசினார். "நான் நல்லாத்தான் ஆடினேன். கடைசியில மச்சானுக்குக் கொஞ்சம் கவனம் சிதறிடுச்சு. சின்னப் பையன்தானே, குறை சொல்லக்கூடாது." சின்னப் பையனுக்கு முப்பத்திரண்டு வயது.

தம்பி வேறு கூட்டாளியைத் தேடிக்கொண்டான். கால் தேறியதும், அடுத்த போட்டியிலேயே கோப்பையையும் தூக்கினான். "எங்க குடும்பத்துக் கோப்பை" என்று அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கும் புதுக் கூட்டாளி கிடைத்தார். எப்படிப்பட்டவர்? அச்சு அசல் இவரேதான். முதல் சுற்றின் முதல் பந்து நடுவே வந்தது. இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள், ஒரே நேரத்தில் ஒதுங்கினார்கள், பிறகு ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் தோற்று, மனத்தாங்கலே இல்லாமல் வீடு திரும்பினார்கள். இரண்டு பேரும் மற்றவரை மன்னித்திருந்தார்கள்.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனத்தில் ஒருவர் வந்து நின்றிருப்பார். அலுவலகத்திலோ, வீட்டிலோ, உங்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறவர். 'அப்படியே அந்த ஆள்தான்!' என்று சிரித்தும் இருப்பீர்கள். அவரிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அவரும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு சிரிப்பார்.